நீடாமங்கலம் கேட்டில் நின்று எண்ணச் சொல்லுங்கள்

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை மகளோடு வந்து பேசிவிட்டுப் போன பிறகு, ராத்திரி நீங்கள் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "பிளஸ் டூ பரீட்சையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க லேப்டாப்பில் ரோடு போட்டு வண்டி ஓட விடுகிறாள். கேட்டால் இதைத்தான் படிக்கப் போகிறேன் என்கிறாள். இது விளையாட்டா, படிப்பா? சோறு போடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்கியிருப்பீர்கள். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்திருக்கிறாள். அதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு என் அறையில் நடந்த ஒன்றை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது. அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பைத் திறந்தாள். அது உயிர் பெறுவதற்குள் நாம் காபி குடித்து முடித்துவிட்டோம். பிரவுசரில் நெட்லோகோ வெப் என்ற தளம், கம்ப்யூட்டரில் மாதிரி உலகம் செய்து ஓட்டிப் பார்க்கிற இடம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தைப் பார்த்து நீடாமங்கலம் ஊரைக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தாள். தஞ்சாவூர்-திருவாரூர் ரோடு, குறுக்கே ரயில் பாதை, மன்னார்குடி போகிற வழி, எல்லாம் சரியாக இருந்தது. சின்னச் சின்னப் புள்ளிகளாக வண்டிகள் ஓடின. ரயில் பாதையைத் தாண்டி நிற்காமல் ஓடின. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். "இவ ஊர்ல கேட்டே மூட மாட்டாங்க போலிருக்கே. நான் அந்த கேட்ல பஸ்ஸுக்குள்ளயே எத்தனை தூக்கம் போட்டிருக்கேன்!" என்றீர்கள்.

அவள் முகம் சுருங்கியது. ஆனால் அடுத்த நிமிடமே, "அப்போ கேட் எவ்வளவு நேரம் மூடியிருக்கும்னு தெரியணுமே" என்றாள். ஐயா, ஊரையும் போக்குவரத்தையும் திட்டமிடுகிற இந்தத் தொழிலே அந்தக் கேள்விதான். கம்ப்யூட்டரில் ஊர் வரைவதை ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். வரைந்த ஊர் பொய் சொல்கிறது என்று தெரிந்ததும் அதற்கு என்ன அளவு வேண்டும் என்று கேட்கிற புத்திதான் சீக்கிரத்தில் வராது.

அந்த கேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு பக்கத்திலிருந்து நிமிடத்துக்கு 12 வண்டி வருகிறது என்று வைப்போம். கேட் 10 நிமிடம் மூடியிருந்தால் திறக்கும்போது 120 வண்டி நிற்கும். திறந்த பிறகு நிமிடத்துக்கு 30 வண்டி தாண்டலாம். ஆனால் பின்னால் நிமிடத்துக்கு 12 வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஆக வரிசை நிமிடத்துக்கு 18 தான் குறையும். 120-ஐ 18-ஆல் வகுத்தால் 6 நிமிடம் 40 விநாடி. மூடியது 10 நிமிடம், ஊர் இயல்புக்குத் திரும்ப ஏறக்குறைய 17 நிமிடம். அதற்குள் 200 வண்டி மாட்டியிருக்கும், சராசரியாக ஒவ்வொன்றும் 5 நிமிடம் நின்றிருக்கும். மொத்தம் 1,000 நிமிடம். சரி, கேட் 20 நிமிடம் மூடியிருந்தால்? இரண்டு பங்கு, 2,000 என்றுதான் நாம் நினைப்போம். கணக்குப் போட்டால் 4,000 வரும். மாட்டுகிற வண்டியும் இரட்டிப்பு, ஒவ்வொன்றும் நிற்கிற நேரமும் இரட்டிப்பு.

இதில் இன்னொன்று இருக்கிறது, அது நம் ஊருக்கே உரியது. கேட் மூடியதும் நம் ஆட்கள் இடது பக்கமாக வரிசையில் நிற்பார்களா? பைக்கெல்லாம் முன்னால் புகுந்து, எதிர்ப்பக்க ரோட்டையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கமும் அதே கதை. கேட் தூக்கியதும் இரண்டு படைகள் முகத்துக்கு முகம். நிமிடத்துக்கு 30 தாண்ட வேண்டிய இடத்தில் 15 தாண்டும். அப்போது வரிசை நிமிடத்துக்கு 3 தான் குறையும். 120-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள், 40 நிமிடம். அதே ரோடு, அதே ரயில். மேம்பாலப் பேச்சு ஒருபக்கம் இருக்கட்டும், நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தாலே எவ்வளவு குறையும் என்று உங்கள் மகள் பிரவுசரிலேயே போட்டுப் பார்க்கலாம். பணம் செலவழிக்கும் முன்னால் தப்பு செய்து பார்க்க ஓர் இடம், அதற்குத்தான் கம்ப்யூட்டரில் ஊரை ஓட்டிப் பார்க்கிற இந்த சிமுலேஷன் எல்லாம்.

ஜெர்மனியில் மார்ட்டின் ட்ரைபர் என்ற ஆராய்ச்சியாளர், தன் கூட்டாளிகளோடு சேர்ந்து 2000-ஆம் வருடம் ஒரு கார் முன்னால் போகும் காரை எப்படிப் பின்தொடர்கிறது என்பதற்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார். அதை வைத்து அவர் செய்த சிமுலேஷனை யார் வேண்டுமானாலும் பிரவுசரில் திறந்து விளையாடலாம். அருமையானது. மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அதில் கார்கள் கோட்டுக்குள் ஒழுங்காகப் போகும். டிராக்டரும் வைக்கோல் லாரியும் டிவிஎஸ் ஃபிஃப்டியும் ஒரே கோட்டில் நெருக்கியடிக்கிற சாலையை அதில் எப்படிக் கொண்டுவருவது என்பது நம் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை. சாலை விதிமுறைகளை வகுக்கிற இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு, எந்த வண்டி சாலையை எவ்வளவு அடைக்கும் என்பதற்கு 1990-ல் கிராமப்புறச் சாலைகளுக்கு ஓர் அளவு கொடுத்தது. கார் 1 என்றால் பைக் 0.5, பஸ், லாரி 3, டிரெய்லர் கட்டிய டிராக்டர் 4.5, பெரிய மாட்டு வண்டி 8. தை மாதம் அறுவடை நடக்கும்போது கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப் போகும் 10 டிராக்டர் 45 காருக்குச் சமம். ஐப்பசியில் எண்ணிய கணக்கைத் தையில் நம்பினால் மோசம் போவோம்.

நீங்கள் விவசாயி. வண்டி எந்த வழியாகப் போகும் என்று கணக்கிடுவதை உங்களுக்குச் சொல்ல நீடாமங்கலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மூணாறு தலைப்பில் வெண்ணாற்றுத் தண்ணீர் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறதல்லவா. எதற்கு எவ்வளவு என்பதை ஷட்டரைத் தூக்கி இறக்கி முடிவு செய்கிறார்கள். சாலையில் ஷட்டர் கிடையாது. ஒவ்வொரு ஓட்டுநரும் தனக்கு எது சீக்கிரம் என்று தானே பார்த்துத் திரும்புகிறார். எல்லோரும் குறுக்கு வழி என்று ஒரே சந்தில் திரும்பினால் அந்தச் சந்து அடைத்துக்கொள்ளும். 1968-ல் டீட்ரிஷ் பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர், புதிதாக ஒரு ரோடு போட்டதாலேயே எல்லோருடைய பயண நேரமும் கூடிவிடுவது சாத்தியம் என்று கணக்குப் போட்டே காட்டினார். வாய்க்காலில் இப்படி நடக்காது, தண்ணீருக்குச் சுயநலம் இல்லை. இந்தக் கணக்கை மகளை ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாலு ஊர், அஞ்சு ரோடு போதும்.

அவள் சொன்ன "நில உபயோகம்" என்ற சொல்லை, அதாவது எந்த நிலம் வயல், எது வீடு, எது கடை என்பதை, நீங்கள் பத்திரப்பதிவு சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டீர்கள். அதுவும் இதுவும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி. பைபாஸ் வந்த அடுத்த வருடமே நஞ்சையில் கலர் கல் நட்டு பிளாட் போடுவதை கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் பார்த்திருக்கிறீர்கள். பிளாட் வந்தால் வீடு, வீடு வந்தால் வண்டி, வண்டி கூடினால் ரோடு நெருக்கம், மறுபடி ஒரு பைபாஸ். சுலபமாகப் போய்ச் சேர முடிகிற இடத்தில் குடியிருப்பு வளர்கிறது என்பதை 1959-ல் வால்டர் ஹான்சன் என்ற அமெரிக்கர் கணக்காக எழுதினார். 1964-ல் ஐரா லோரி, பிட்ஸ்பர்க் நகரத்தை வைத்து, வேலை எங்கே, வீடு எங்கே, கடை எங்கே என்று சுற்றிச் சுற்றிக் கணக்கிடுகிற ஒரு கணக்கு மாதிரியை (மாடல்) உருவாக்கினார். இந்தக் கணக்கைப் போடுகிற இன்றைய பெரிய மென்பொருள்கள் பலவும் அந்த வம்சம்தான். நெட்லோகோவில் நகர வளர்ச்சிக்கென்றே சில சின்ன மாதிரிகள் இருக்கின்றன, பிரவுசரில் ஓடும். அவற்றில் ஒரு ரோட்டைப் போட்டுவிட்டு 30 வருடத்தை ஒரு நிமிடத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.

டெல்டாவுக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. புத்தகத்தில் ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் உள்ள ஈர்ப்பை, அதாவது எவ்வளவு பேர் போய் வருவார்கள் என்பதை, தூரத்தை வைத்துக் கணக்கிடச் சொல்வார்கள். காகம் பறக்கிற தூரத்தை எடுத்தால் நம் பக்கம் எல்லாம் தப்பாகும். அக்கரைப் பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் குடமுருட்டிக்கோ அரசலாற்றுக்கோ பாலம் எங்கே இருக்கிறதோ அங்கே சுற்றித்தான் போக வேண்டும். பாலம்தான் எல்லாம். ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளைக்கு இது சொல்லாமலே தெரியும். வெளியூரிலிருந்து வந்து திட்டம் போடுகிறவருக்குத் தெரியாது.

2020-ல் தமிழக அரசு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் போட்டு அறிவித்தது. எண்ணெய், எரிவாயு எடுப்பது, செம்பு உருக்காலை, தோல் பதனிடும் தொழில் போன்றவற்றுக்கு அதில் தடை உண்டு. மனைப்பிரிவு அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஆக, எந்த வயல் வயலாகவே இருக்கும், எது வீடாகும் என்பதை ரோடும் பஸ்ஸும்தான் பெரிதும் முடிவு செய்யப்போகின்றன. இதைக் கணக்கிட ஆள் வேண்டுமா வேண்டாமா?

சோறு போடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், நாட்டின் 7,933 நகரக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே (மாஸ்டர் பிளான்) இல்லை என்று சொன்னது. மாநில நகரமைப்புத் துறைகளில் இருக்கிற திட்டமிடுநர் பணியிடங்கள் 4,000-க்கும் குறைவு, அதிலும் 42 சதவீதம் காலி என்றும் சொன்னது. தேவை இருக்கிறது. ஆனால் தேவை இருப்பதும் வேலைக்கு அழைப்பு வருவதும் ஒன்றல்ல, நான் ஆசை காட்ட மாட்டேன். நம் மாநிலத்தில் நகர ஊரமைப்புத் துறை உதவி இயக்குநர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி ஆள் எடுக்கிறது, ஆனால் குரூப் நாலு மாதிரி அது ஆயிரக்கணக்கில் வருகிற வேலை கிடையாது. அரசு வேலை என்று மட்டும் கண்ணை வைத்தால் மனசு சோர்ந்துவிடும். முழுமைத் திட்டம் தயாரித்துக் கொடுக்கும் ஆலோசனை நிறுவனங்கள், போக்குவரத்து ஆய்வு செய்பவர்கள், மெட்ரோ, நெடுஞ்சாலைத் திட்டங்கள், வரைபட மென்பொருள் கம்பெனிகள், இங்கேதான் முதல் வேலை கிடைக்கும். ஆரம்பச் சம்பளம் ஐடி கம்பெனியில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையனை விடக் குறைவாக இருக்கலாம். அதை இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேர் வழி பி.பிளான், அதாவது திட்டமிடலுக்கான இளநிலைப் பட்டம், நாலு வருடம். டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள மத்திய அரசின் திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளிகளில் இருக்கிறது. ஜேஇஇ மெயின் தேர்வின் 2பி தாள் எழுத வேண்டும். 2ஏ என்பது பி.ஆர்க் என்ற கட்டடக்கலைப் படிப்புக்கு. அதில் படம் வரைய வேண்டும், 2பி-யில் வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் இதைக் குழப்பிக்கொண்டு வந்தவர்கள் என்னிடமே மூன்று பேர் இருக்கிறார்கள். பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம், உங்கள் மகளுக்கு இருக்கிறது. கேள்வித்தாள் தமிழிலும் கிடைக்கும், தமிழ் வழியில் படித்தவள் என்று பயப்பட வேண்டாம்.

இன்னொரு வழி, வழக்கமான பொறியியல் கலந்தாய்வு. கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மாட்டிக்ஸ் (கம்ப்யூட்டரில் வரைபடத் தகவலைக் கையாளும் படிப்பு) கிடைத்தால் கேள்வி கேட்காமல் சேருங்கள். இல்லையென்றால் சிவில். செங்கிப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, செலவும் குறைவு. நாலு வருடம் முடித்து, மேற்படிப்புக்கான கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.பிளான் போகலாம், அல்லது திருச்சி என்ஐடியில் போக்குவரத்துப் பொறியியல் எம்.டெக். (நீடாமங்கலம் கேட்டிலிருந்து இந்த கேட்டுக்குப் போகிறாள் என்று நீங்கள் சிரிக்கலாம்.) கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் ஆகாதா என்று அவள் அம்மா கேட்டாராம். ஆகும். சியாட்டில் நகரத்தை வைத்து ஆரம்பித்த ஏ/பி ஸ்ட்ரீட் என்ற திறந்தமூல சிமுலேஷனைக் கட்டியவர் ஒரு மென்பொருள்காரர்தான், அது பிரவுசரிலேயே ஓடுகிறது. ஆனால் எனக்கு சிவில்தான் பிடிக்கிறது. இருபது வயதில் மனசு மாறினாலும் கதவு மூடாது. 2பி தாளையும் எழுதட்டும், இடம் கிடைத்தால் அப்போது விடுதி, தூரம் எல்லாம் பேசிக்கொள்ளலாம். இப்போதே "டெல்லியெல்லாம் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லி அவள் படிப்பைக் கெடுக்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள். "ஸ்மார்ட் சிட்டி சிமுலேஷன், மூன்று மாதச் சான்றிதழ், வேலை உறுதி" என்று விளம்பரம் வரும். சில வருடங்களுக்கு முன்னால் என் யோசனையைக் கேட்டு ஒரு தம்பி அப்படி ஒரு மையத்தில் பணம் கட்டினான். பெயர் வேண்டாம். விசாரிக்காமல் தலையாட்டியது என் தப்பு. நேர்முகத்தில் அவன் செய்த மாதிரியைக் காட்டினான், வண்ணமயமாக இருந்தது. "இதை எந்தக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தாய்?" என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதையே யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பணத்தை அவன் அப்பா நகையை வைத்துப் புரட்டியிருந்தார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் கட்டணப் பயிற்சி சொல்வதில்லை. நெட்லோகோ இலவசம், வரைபட வேலைக்கான கியூஜிஐஎஸ் இலவசம், ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தின் போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருளான சுமோ இலவசம். இஸ்ரோவின் புவன் தளத்தில் 2005-06, 2011-12, 2015-16 வருடங்களின் நில உபயோக வரைபடங்களைப் பிரவுசரிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். உங்கள் ஊரைச் சுற்றி என்ன மாறியிருக்கிறது என்று அவளைக் காட்டச் சொல்லுங்கள். எந்த வயல் யாருடையது, எப்போது விற்றார்கள் என்று நீங்கள் சொல்லுங்கள். அது எந்தத் தளத்திலும் கிடைக்காது.

2028-ல் மகாமகம் வருகிறது. 1992-ல் நெரிசலில் உயிர்கள் போனது உங்களுக்கு மறந்திருக்காது. பஸ்ஸை ஊருக்கு வெளியே எங்கே நிறுத்துவது, ஜனங்களை எந்தத் தெரு வழியாக உள்ளே விட்டு எந்தத் தெரு வழியாக வெளியே விடுவது, இதெல்லாம் இந்த வகைக் கணக்குதான். அப்போது அவள் கல்லூரியில் இருப்பாள். கும்பகோணத்தின் நாலு தெருவை வைத்து ஒரு மாதிரி செய்து கையில் வைத்திருந்தால், எந்த நேர்முகத்திலும் சான்றிதழை விட அது பேசும்.

பரீட்சை முடியும்வரை லேப்டாப் நாளைக்கு ஒரு மணி நேரம் போதும், இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன். கணக்கில் மார்க் விட்டால் மேலே சொன்ன எல்லா வழியும் அடைபடும். பரீட்சை முடிந்ததும் ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். காலை ஏழரையிலிருந்து பத்து வரை கேட் பக்கத்து டீக்கடையில் உட்காரட்டும். கால் மணிக்கு ஒரு பக்கம். பைக், கார், ஆட்டோ, பஸ், லாரி, டிராக்டர் என்று கட்டம் போட்டு, வண்டிக்கு ஒரு கோடு, நாலு கோடு போட்டதும் ஐந்தாவது வண்டிக்குக் குறுக்கே ஒரு கோடு. கேட் மூடிய நேரம், திறந்த நேரம், கடைசி வண்டி எங்கே நின்றது என்று தனியாக ஒரு பத்தி. மூன்று நாள் எடுத்தால் போதும், அதில் ஒரு நாள் முகூர்த்த நாளாக இருக்கட்டும். நோட்டையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வரட்டும், கேட்டை மாதிரிக்குள் எப்படி வைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.

முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். கேட் திறந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் பாயும், ஒருத்தியால் எழுத முடியாது. டிராக்டரை மட்டும் நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள்.